விம்கோ நகரிலிருந்து பெங்களூரு எவ்வளவு தூரம்?

காலை ஐந்து மணிக்கு வடசென்னையின் விம்கோ நகர் பணிமனை நிலையத்திலிருந்து முதல் மெட்ரோ கிளம்பும்போது அதில் இரண்டு வகைப் பயணிகள் இருப்பார்கள். சாப்பாட்டுப் பையோடு கிண்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வகை. சக்கரம் வைத்த பெட்டியை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, நிமிடத்துக்கொரு தடவை கைப்பேசியில் மணி பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் மீனம்பாக்கம் விமான நிலையம் போகிறவர்கள். நீலத் தடத்தின் இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடியில் இறங்க வேண்டும். நடுவில் சுமார் 33 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே போய் பெங்களூரு விமானத்தில் ஏறினால், அது ஆகாயத்தில் இருக்கப்போவது அதைவிடக் குறைந்த நேரம்தான்.

இதில் வேடிக்கை எதுவும் இல்லை. திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன கணக்கு. 'ஒரு மணி நேரத்தில் பெங்களூரு' என்று விளம்பரம் சொல்லும். அந்த ஒரு மணி நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் விளம்பரம் சொல்லாது.

முதலில் தூரம். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ரயில் பாதை ஏறக்குறைய 360 கி.மீ. சாலை அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் மீனம்பாக்கத்துக்கும் தேவனஹள்ளிக்கும், அதாவது விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும், நேர்கோட்டில் 270 கி.மீ. கூட இல்லை. உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் என்ன நீளம் வருமோ அதுதான் இந்தத் தூரம். வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் சென்னையையும் லண்டனையும் நூலால் இணைத்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தில் போட்ட கோட்டைவிட அந்த நூல் வடக்கே வளைந்து போகும். தொலைதூர விமானங்கள் அந்த நூலை ஒட்டித்தான் போகப் பார்க்கின்றன.

தூரத்தை அளப்பது என்றால் இந்த ஊருக்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அடிவாரத்தில் எஃகுச் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய 12 கி.மீ. நீளமுள்ள ஓர் அடிக்கோடு. அதை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்து, பிற்பாடு இமயமலையின் உயரம்வரை கணக்கிட்ட மாபெரும் நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது. இன்று அதே பரங்கிமலைக்குப் பக்கத்திலிருந்து எழும் ஜெட் விமானம், மேலே போய் வேகம் பிடித்த பிறகு அந்த 12 கி.மீ. தூரத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும்.

ஆனால் விமானி தன் தூரத்தைக் கிலோமீட்டரில் பார்ப்பதில்லை. அவருடைய அளவு நாட்டிகல் மைல், வேகம் நாட். இரண்டும் துறைமுகத்துச் சொற்கள். சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ கப்பல் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்: ஒரு நாட்டிகல் மைல் என்பது 1,852 மீட்டர். பூமியின் தீர்க்க வட்டத்தில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ராயபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. பதின்மூன்றை அறுபதால் பெருக்கினால் 780. காசிமேட்டிலிருந்து நிலநடுக்கோடு ஏறக்குறைய 780 நாட்டிகல் மைல். பேனாவும் தாளும் வேண்டாம், மனக்கணக்கிலேயே வந்துவிட்டது. கடலோடிகள் இந்த அளவை விடாமல் வைத்திருப்பதும், பின்னால் வந்த விமானிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டதும் இந்த வசதிக்காகத்தான். நாட் என்ற சொல்லுக்கு முடிச்சு என்று பொருள். பாய்மரக் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கப்பலின் பின்னால் விட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு கையைவிட்டு ஓடியது என்று எண்ணி வேகம் சொன்னார்கள். 450 நாட் வேகத்தில் பறக்கும் விமானத்திலும் அந்தக் கயிற்றின் வாசனை போகவில்லை.

காசிமேட்டு மீனவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்போதோ தெரியும், வேறு பெயரில். ஆழத்தைப் பாகத்தில் சொல்வார். தூரத்தைப் பெரும்பாலும் நேரத்தில் சொல்வார். 'நாலு மணி நேர ஓட்டம்' என்றால் போதும், கேட்கிறவருக்கு இடம் புரிந்துவிடும். காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி என்பதெல்லாம் அந்த நாலு மணிக்குள் அடங்கியிருக்கும். விமான நிறுவனத்தின் கால அட்டவணையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் போடப்படுகிறது.

எப்படி என்று பார்ப்போம். பெங்களூரு விமானத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் அல்லது பத்து நிமிடம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகக்கூடிய ஜெட்டுக்கு 270 கி.மீ. கடக்க இருபது நிமிடம் போதுமே என்று பள்ளிக்கூடப் பையன்கூடக் கேட்பான். அந்த வேகம் இவ்வளவு சின்னப் பயணத்தில் நின்று நிலைக்கவே வழியில்லை. மேலே ஏறும்போது ஒரு வேகம். ஏறி முடித்துக் கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். பணிப்பெண்கள் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் 'பெல்ட் போடுங்கள்' என்று அறிவிப்பு வந்துவிடும். உண்மையில் சக்கரம் தரையை விடுவதற்கும் மறுபடி தொடுவதற்கும் நடுவே நாற்பது நிமிடத்துக்கு முன்பின் ஆகும். மிச்சம்? விமானம் நின்ற இடத்திலிருந்து பின்னோக்கித் தள்ளப்பட்ட கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்த ஊரில் போய் நிறுத்துமிடத்தில் சக்கரம் நிற்கும் கணத்தில் முடிகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் வரிசை பிடிப்பது, இறங்கிய பிறகு மறுபடி ஊர்வது எல்லாம் இதில் சேர்த்தி. நெரிசலுக்கென்று சில நிமிடம் கூடுதலாகவும் போட்டு வைப்பார்கள். 'பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று விமானி பெருமையோடு அறிவிக்கிறாரே, அதில் பாதி இந்த மிச்சப் பணத்திலிருந்து வந்தது.

காற்றுக்கும் பங்கு உண்டு, அதுவும் சென்னையில் கண்ணால் பார்க்கிற மாதிரி. விமானம் கூடியவரை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை சுமார் 3,650 மீட்டர் நீளம், கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கொஞ்சம் வடகிழக்காகச் சாய்ந்திருக்கும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து இறங்குகின்றன. பெங்களூரிலிருந்து வருகிற விமானம் அப்போது ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போய், வளைந்து திரும்பி, அடையாறு மேலாக இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் அதே விமானம் மேற்கிலிருந்து நேராக வந்து இறங்கிவிடும். தூரம் மாறவில்லை, ஊர் மாறவில்லை; மாசத்தைப் பொறுத்துச் சில நிமிடம் கூடுகிறது, குறைகிறது.

இனி அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே இருக்கும் கணக்கு. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து மெட்ரோ நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம். அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உள்நாட்டு விமானம் என்றால் இரண்டு மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். துணிந்தவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் சமாளிப்பார்கள். பிறகு டிக்கெட்டில் போட்ட அந்த ஒரு மணி சொச்சம். தேவனஹள்ளியில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. அங்கிருந்து பெங்களூரு மெஜஸ்டிக் முப்பத்தைந்து கி.மீ. பக்கம். அந்த ஊர்ப் போக்குவரத்தைப் பற்றிப் பெங்களூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டவர்களுக்கு, ஒரு மணி நேரம் என்று போடுவதே தாராளமான நம்பிக்கை என்று தெரியும். கூட்டிப் பார்த்தால் ஐந்தரையிலிருந்து ஆறு மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது நாற்பது நிமிடம்.

சென்ட்ரலிலிருந்து மைசூருக்குப் போகும் வந்தே பாரத் ரயில், 2022 நவம்பரில் ஓடத் தொடங்கியது, பெங்களூரு நகர நிலையத்தை நாலரை மணி நேரத்துக்குள் சேர்கிறது. தேரடியிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் அரை மணிக்குள் வந்துவிடலாம். இறங்கினால் மெஜஸ்டிக்கின் வாசல். வடசென்னைக்காரர் பெங்களூரு நகருக்குள் போகவேண்டும் என்றால் ரயில்தான் முந்துகிறது. சந்தேகமே இல்லை. விமானம் லாபமாவது ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று போகிறவர்களுக்கா என்றால், அதுவும் இல்லை. தேவனஹள்ளி நகரின் வடக்குக் கோடியில் இருக்கிறது. பெங்களூரில் இறங்கி வேறு விமானம் மாறுகிறவருக்கு மட்டும்தான் அது உண்மையான லாபம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது வடசென்னை மட்டுமல்ல. லண்டனுக்கும் பாரிசுக்கும் நடுவே விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 350 கி.மீ. நம் சென்னை–பெங்களூரு ஜோடிக்கு அண்ணன் மாதிரி. 1919 ஆகஸ்ட் 25 அன்று அந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே தினசரி விமானப் போக்குவரத்து தொடங்கியபோது, ஒற்றை எஞ்சின் விமானம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இன்று ஜெட் விமானத்தின் அட்டவணை ஒன்றே கால் மணி. ஆனால் 1994-இல் கடலுக்கு அடியில் குடைந்த சுரங்கம் வழியாக யூரோஸ்டார் ரயில் வந்தது. இப்போது அது லண்டன் நடு ஊரிலிருந்து பாரிஸ் நடு ஊருக்கு 2 மணி 16 நிமிடத்தில் போகிறது. 1919-இன் விமானத்தைவிட இன்றைய ரயில் வேகம்! பிரான்ஸ் இன்னொரு படி மேலே போய், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சில உள்நாட்டு விமானத் தடங்களை 2023-இல் சட்டம் போட்டே நிறுத்தியது. பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்தோ போன விமானங்கள் அதில் அடங்கும். நம் ஊரில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று சொல்லவில்லை; ரயில் அந்த வேகத்துக்கு வரட்டும், பிறகு பேசலாம்.

இங்கே ஒரு பழைய கணக்கும் தீர்க்க வேண்டியிருக்கிறது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கி.மீ. அந்தத் தடம் மேற்கே நீண்டு 1864-இல் பெங்களூர் கன்டோன்மென்டைத் தொட்டது. சென்ட்ரல் நிலையம் வந்ததோ 1873-இல். ஆக, நடுவில் ஒன்பது ஆண்டுகள் பெங்களூர் போக வேண்டும் என்றால் மயிலாப்பூர்க்காரரும் திருவல்லிக்கேணிக்காரரும் ராயபுரத்துக்கு வந்துதான் வண்டி ஏறியாக வேண்டும். வெளியூருக்கு வாசல் வடசென்னையில் இருந்தது. தூரம் தெற்கே இருந்தவர்களுக்கு. சென்ட்ரல் வந்தது, எழும்பூர் வந்தது, பிறகு மீனம்பாக்கத்தில் விமான நிலையம் வந்தது. வாசல் ஒவ்வொரு தடவையும் ராயபுரத்தைவிட்டுத் தள்ளிப்போனது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் வெள்ளைத் தூண்களோடு நிற்கிறது. இந்தியாவில் இன்னும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் அதுதான்.

அன்றைக்கு ராயபுரத்தில் ஏறியவருக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது: கடிகாரம். ஒரு பாகை கிழக்கே போனால் சூரியன் நாலு நிமிடம் முன்னால் உதிக்கும். சென்னைக்கும் பெங்களூருக்கும் இரண்டே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைய இடைவெளி. ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்தால், பெங்களூர் மணி சென்னை மணிக்குப் பத்துப் பதினோரு நிமிடம் பின்தங்கும். ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக வண்டி விடுகிறவர்களுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. அதனால்தான் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் மணியை, மெட்ராஸ் டைம் என்ற பெயரில், இந்திய ரயில்வேக்கள் பொது மணியாக ஏற்றுக்கொண்டன. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது அது. 1906-இல் இந்தியப் பொது நேரம் ஐந்தரை மணி என்று வந்த பிறகுதான் அது மெல்ல ஒதுங்கியது.

விமானப் பயணியைக் கடிகாரம் இன்னும் ஏமாற்றுகிறது. சென்னையிலிருந்து லண்டன் நேர்கோட்டில் ஏறக்குறைய 8,200 கி.மீ. விடிகாலையில் ஏறினால் அன்றே மதியம் இறங்கிவிடலாம். அட்டவணையைப் பார்க்கிறவருக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம் மாதிரி தோன்றும். உண்மையில் பத்து, பதினோரு மணி நேரம். வித்தியாசத்தை விழுங்கியது கடிகாரம்: குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி. திரும்பி வரும்போது கதை தலைகீழ். நேரம் கூடிப்போன மாதிரி தெரியும், ஆனால் பறந்த நேரம் போனதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடும் ஜெட் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வருகிறது. காற்றோடு போவதும் காற்றை எதிர்த்துப் போவதும் ஒரே தூரம் இல்லை என்பது காசிமேட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை.

நேர்கோடு ஒன்று, பாதை இன்னொன்று என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மீனம்பாக்கத்திலிருந்து அந்த ஊர் விமான நிலையமான பலாலி சுமார் 355 கி.மீ. லண்டன்–பாரிஸ் அளவேதான். ஆனால் நீண்ட காலம் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக நினைத்தவர் முதலில் 650 கி.மீ. பறந்து கொழும்புக்கு, அதாவது யாழ்ப்பாணத்தையே தாண்டித் தெற்கே போய் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ சுமார் 400 கி.மீ. வடக்கே திரும்பி வர வேண்டும். முந்நூற்றைம்பதுக்கு ஆயிரம். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தபோது அலையன்ஸ் ஏர் சின்ன ஏ.டி.ஆர். விமானத்தைச் சென்னையிலிருந்து நேரடியாக ஓட்டியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. ஒரு மணி நேரம், இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் பயணம். புரொப்பெல்லர் விமானம் ஜெட்டைவிட மெதுவானது என்பதை அதில் ஏறும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆயிரத்தை முந்நூற்றைம்பதாக்கியது வேகம் அல்ல, நேரான தடம்.

வடசென்னைக்கும் அப்படியொரு நேர்த்தடம் தாமதமாகத்தான் கிடைத்தது. மெட்ரோ 2016 செப்டம்பரில் விமான நிலையத்தைத் தொட்டது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று ஒன்பது கி.மீ. நீண்டு விம்கோ நகருக்கு வந்தது. பெயர் கொடுத்த விம்கோ ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை என்பது இன்று ஏறும் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அதற்கு முன் விமானம் பிடிக்க வேண்டும் என்றால் டி.எச். ரோடு, அல்லது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை. 'விரைவு' என்பது பெயரில் மட்டும். மூன்று மணி நேரம் முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பியும் கவுன்டர் மூடிய பிறகு போய் நின்றவர்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள்.

எண்ணூர்க்காரர்களுக்கு மெட்ரோ இன்னும் வாசலுக்கு வரவில்லை. அவர்கள் கும்மிடிப்பூண்டித் தடத்துப் புறநகர் ரயிலில் வந்து விம்கோ நகரில் மெட்ரோ மாறலாம். அல்லது கடற்கரை நிலையம் போய்த் தாம்பரம் வண்டி பிடித்துத் திரிசூலத்தில் இறங்கலாம். சாலையைக் கடந்தால் விமான நிலையம். பெட்டி சிறிதாக இருந்தால் இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலை ஆறு, ஆறரை மணி விமானங்களுக்கு மெட்ரோ உதவாது. ஐந்து மணிக்கு முதல் வண்டி பிடித்தால் ஆறு மணிக்குத்தான் இறங்க முடியும்; அதற்குள் கவுன்டர் மூடியிருக்கும். ஏழரை மணிக்கு முந்திய விமானத்துக்கு டிக்கெட் போடும் முன், விடிகாலை மூன்றரை மணிக்கு வண்டி கிடைக்குமா, அதற்கு என்ன வாடகை என்பதையும் டிக்கெட் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்த கணக்கு பரந்தூர். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022-இல் அறிவித்தார்கள். அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் நிலம் தர மறுத்து அப்போதிருந்தே போராடுகிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை. நகரின் மையத்திலிருந்து பரந்தூர் ஏறக்குறைய 70 கி.மீ. மேற்கே. அந்த வழியாகத்தான் பெங்களூரு நெடுஞ்சாலையே போகிறது. அங்கே போய்ப் பெங்களூரு விமானம் பிடிக்கிறவர், போகும் வழியில் ஐந்தில் ஒரு பங்கைத் தரையிலேயே கடந்திருப்பார். மெட்ரோவைப் பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு நீட்டத் திட்டம் இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் கட்டத் தடங்கள் மாதவரத்திலிருந்தும் கலங்கரை விளக்கத்திலிருந்தும் கிளம்புகின்றன. அவற்றில் எதுவும் திருவொற்றியூரைத் தொடவில்லை.